கவலை நின்ற ஊர்

நான் பயின்ற மகளிர் பள்ளி அண்மையில் ஓர் ஆண்டுமலர் வெளியிட்டது. அதில், முன்னாள் மாணவியரின் சிறந்த விடைகளுள் ஒன்றென ஒரு பத்தி அச்சேறியிருக்கிறது. மின்னாற்றல் வந்ததனால் உழவர்தம் உள்ளத்துயர் ஒழிந்தது என்று அது நிறுவுகிறது. நடையில் குறையில்லை. செய்திதான் முழுப்பிழை. பள்ளி நூலகத்தில் கிடந்த பழைய குறிப்பேடு ஒன்றிலிருந்து எடுத்தார்களாம். அக்குறிப்பேடு என்னுடையது, பத்தியை எழுதியவளும் நானே. அச்சிலேறிய பிழையை அடுத்து வருவோர் சான்றாகக் கொள்வர். அதனைத் திருத்தும் கடமை எழுதியவளுக்கே உரியது என்பதனால் இதனைப் பதிந்துவைக்கிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. திருவண்ணாமலையில் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தோம். அரசுத் தேர்வுக்கு முன்னர்ப் பள்ளியே ஒரு தெரிவுத் தேர்வு நடத்தும். அதில் தவறியவர் அரசுத் தேர்வு எழுத இயலாது. அவ்வாண்டு எங்கள் வரலாற்று ஆசிரியை புதுமுறை ஒன்றைக் கொண்டுவந்தார். 'தொழில்நுட்பமும் சமுதாயமும்' என்னும் பகுதிக்குப் பாடநூல் கிடையாது. ஒரு படம், ஓர் அறிவிப்பு, ஒரு கடிதம் என ஏதேனும் ஒரு சான்று தரப்படும்; அதனைப் படித்து, அதிலிருந்தே விடையை நிறுவ வேண்டும். பயிற்சிக்காகப் பத்துச் சான்றுகளை மெழுகுத்தாளில் தட்டெழுதி, உருட்டிப் படியெடுத்து வழங்கினார். விடை என்னவென்று கேட்டவர்களிடம், தாளிலேயே இருக்கிறது, பார் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

மனப்பாடத்தையே நம்பி வளர்ந்த நாங்கள் திகைத்துப் போனோம். அனைவரினும் மிகுதியாகத் திகைத்தவள் என் தோழி. கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருபவள். காலாண்டுத் தேர்வில் வரலாற்றில் தவறியிருந்தாள். தெரிவுத் தேர்விலும் தவறினால் படிப்பு நின்றுவிடும். வேங்கிக்காலில் இருந்த தாய்மாமனுக்கு அவளைக் கொடுப்பதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. மாமன் நல்லவர்தாம் என்று அவளே சொல்வாள். ஆனால் அவளுக்குப் படிக்க வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

என்னை வகுப்பில் 'அகராதி' என்று அழைப்பார்கள். சொற்களுக்குப் பொருள் சொல்வேன் என்பது ஒரு காரணம். தலைக்கனம் மிக்கவள் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. அப்பெயருக்கேற்ப, பத்துச் சான்றுகளுக்கும் விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதித் தோழியிடம் கொடுத்தேன். அவள் பேருந்தில் வரும்போதும் போகும்போதும் அதனை உருப்போட்டாள்.

ஏழாவது சான்று ஒரு கடிதப் பகுதி. ஆசிரியையின் உறவினர் வீட்டில் கிடைத்ததாம். 'ஊருக்குக் கரண்டு வந்துவிட்டது. கவலை நின்றது. சால் தைக்கிறவர் டவுனோடு போய்விட்டார். மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிட்டோம்.' இவ்வளவே. இது காட்டும் சமுதாய மாற்றம் யாது என்பது வினா.

நான் எழுதிய விடையின் தொடக்கத்தை ஆண்டுமலரில் காணலாம். எஞ்சியதையும் நாணத்தோடு சொல்லிவிடுகிறேன். 'சால்' என்பது 'சால்வை' என்பதன் பிழைவடிவம் என்று முடிவு கட்டினேன். துயர் நீங்கிச் செல்வம் பெருகவே, ஊரார் ஆயத்த ஆடைகளை வாங்கலாயினர். ஆகவே தையற்காரர் நகருக்குப் பெயர்ந்தார் என்று விளக்கினேன். ஆசிரியை அதனைப் படித்து, ஓரத்தில் சிவப்பு மையால் 'சரி' என்று குறியிட்டார்.

தோழி மட்டும் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"எங்க ஊர்ல கவலைன்னா வேறடி," என்றாள்.

பேச்சு வழக்கைத் தேர்வில் எழுதலாகாது என்று நான் தீர்ப்புரைத்தேன். என்ன வேறு என்று கேட்கவில்லை. ஆசிரியையின் குறியையும் காட்டினேன். "சரி, அகராதி சொன்னா அப்பீல் ஏது," என்று சிரித்துவிட்டு அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

தேர்வு திங்களன்று. சேர்ந்து படிப்பதற்காகச் சனியன்று காலை அவளுடன் அவள் ஊருக்குச் சென்றேன். பேருந்தைவிட்டு இறங்கி நிலக்கடலைக் கொல்லைகளினூடே நடந்தோம். எனக்குப் பின்னால் மலை சிறுத்திருந்தது. நகரில் அதன் அடியிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அதுவே புதுமையாக இருந்தது. அவர்கள் கிணற்றருகில் அவள் தாயார் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். கிணற்றின் வாயிலிருந்து தரை நீண்டு சரிந்து இறங்கியது. அந்தச் சரிவின்மேல்தான் கடலை பரப்பியிருந்தது. கோயிலுக்கு வெளியே இவ்வளவு ஒழுங்கான சரிவை நான் கண்டதில்லை. இது என்ன என்று கேட்டேன்.

"இதா, இதான் கவலை மேடு," என்றார் அவள் தாயார். "இவங்க அப்பா ஏறி எறங்கியே தேஞ்ச எடம்."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். தோழி என் முகத்தைப் பார்க்காமல் கடலையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

பிறகு தாயும் மகளும் எனக்கு விளக்கினர். கிணற்றின் விளிம்பில் இரண்டு கால்கள் நட்டு, இடையில் உருளை பொருத்தியிருப்பார்கள். உருளையின்மேல் வடம் ஓடும். வடத்தின் ஒரு முனையில் தண்ணீர் மொள்ளும் பெரிய சால். அதன் அடியில் தோலால் தைத்த நீண்ட வாய். மறுமுனையில் இரண்டு மாடுகள். மாடுகள் சரிவில் இறங்க, சால் நீரோடு மேலேறும். தோல்வாய் வழியே நீர் கால்வாயில் கொட்டும். மாடுகளை ஓட்டுபவர் இறங்கும்போது வடத்தின்மேல் அமர்ந்துகொள்வார். அவர் எடையும் இழுவைக்கு உதவும். இந்த இறைவைக்குத்தான் கவலை என்று பெயர். தோல் கிழிந்தால் தைத்துக் கொடுக்க ஒருவர் இருந்தார். அறுவடையில் அவருக்கும் பங்கு உண்டு. மின்பொறி வந்தது, கவலை நின்றது, தோல் தைப்பவருக்கு ஊரில் வேலையில்லை. நகரப் பேருந்து நிலையத்தருகில் செருப்புத் தைக்க அமர்ந்துவிட்டார். அவரைக் கடந்து நான் எத்தனையோ நாள் பள்ளி சென்றிருக்கிறேன்.

மேலேறி வருவதற்கு மாடுகள் திரும்புமா என்று கேட்டேன். திரும்பா என்றனர். பின்புறமாகவே நடந்து மேட்டில் ஏறுமாம். முன்னே இறங்கிப் பின்னே ஏறி, ஒரு காலைப்பொழுதில் நூறு முறைக்கு மேல். பின்னால் கிணறு இருப்பது அவற்றுக்குத் தெரியும். ஆயினும் ஓட்டுபவரின் குரலை நம்பிப் பின்னோக்கி நடக்கும். இதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. சரிவின் நீளத்தை அடியளந்து பார்த்தேன். வடம் எவ்வளவு இறங்க வேண்டுமோ அவ்வளவு தொலைவு மாடுகள் நடக்க வேண்டும். ஆகவே கிணற்றின் ஆழமே மண்மேல் படுத்திருந்தது. ஒரு சொல்லுக்குள் இவ்வளவு மண்ணும் தோலும் உயிரும் இருந்தன. நான் அதன்மேல் 'உள்ளத்துயர்' என்று எழுதி மூடியிருந்தேன்.

என் விடையைக் கேட்டதும் தாயார் சிரித்தார்.

"கவலை போச்சுன்னா எழுதிக்கீற? மாட்டுக் கவலை போயி கரண்ட்டுக் கவலை வந்துச்சுன்னு எழுது பாப்பா. மாடுன்னா நாம கூப்ட்டா வரும். இது எப்ப வருமோன்னு நாமதான் காத்துக்கினு கெடக்கணும்."

மின்பொறி வைத்தபின் கிணற்றை இருமுறை ஆழப்படுத்தினார்களாம். தண்ணீர் முன்பிருந்த மட்டத்தில் இல்லை. இனி யாரேனும் கவலை பூட்ட நினைத்தாலும் அந்தச் சரிவு போதாது என்று தோழி சொன்னாள். வேறெதையோ சொல்வதுபோலச் சொன்னாள். அது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்று அவளுக்கே தெரியவில்லை. நான் மூன்று வாரமாக அவளுக்கு வரலாறு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவும் மறுநாளும் எங்களுக்கு ஒரே பேச்சுத்தான். ஏழாம் சான்று தேர்வில் வந்தால் எதை எழுதுவது? ஆசிரியை சரியென்று குறியிட்டது தவறான விடையை. உண்மையை எழுதினால் மதிப்பெண் போகலாம். அவளுக்கு அது போனால் படிப்பே போகும். ஆகவே குறியிட்டதையே எழுதிவிடு என்று நான் வற்புறுத்தினேன். அவள் குறிப்பேட்டை மூடிவைத்தாள்.

தேர்வில் ஏழாம் சான்று வந்தது.

நான் துயர் ஒழிந்தது என்றே எழுதினேன். சரிவில் நின்று சிலிர்த்தவள், இரண்டே நாளில், தேர்வறையில் அமர்ந்து அழகிய எழுத்தில் அந்தப் பொய்யை எழுதினேன். எனக்கு இழக்க எதுவுமில்லை. முதல் மதிப்பெண் ஒன்றைத் தவிர. அவளோ தான் அறிந்ததை எழுதினாள். சால், தோல்வாய், வடம், தைப்பவரின் பங்கு, ஆழம் போன தண்ணீர், எட்டாத சரிவு. ஏனடி இப்படிச் செய்தாய் என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"எழுதத்தான் பாத்தேன். கை வரல. எங்கப்பா நடந்த எடம்டி அது," என்றாள்.

விடைத்தாள்கள் வந்தன. அவ்வினாவுக்கு எனக்கு முழு மதிப்பெண்; அவளுக்குச் சுழி. தேர்ச்சிக்கு நான்கு மதிப்பெண் குறைந்தது. அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள். அழவில்லை. பேருந்துக்கு நேரமாகிறது என்றாள். நான் அவள் கையைப் பற்றி ஆசிரியையின் அறைக்கு இழுத்துச் சென்றேன்.

"டீச்சர், அவ எழுதினதுதான் சரி. நான் எழுதினது தப்பு."

ஆசிரியை என் தாளைப் பார்த்தார். "ஃபுல் மார்க் போட்டிருக்கேன். வேணாம்னு சொல்ல வந்தியா?"

ஆமென்றேன். நான் கண்ட சரிவையும் கேட்டறிந்த இறைவையையும் விவரித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னர், நீ பார்த்தது உன் சொல், அது தாளில் எங்கே இருக்கிறது என்றார். அவர் வகுத்த விதி அது. அதில் நேர்மையும் இருந்தது. நான் கற்ற தமிழ் முழுவதும் அந்த நேரத்தில் எனக்கு உதவவில்லை.

கதவருகில் நின்ற தோழி அப்போதுதான் வாய்திறந்தாள்.

"முழுக் கடுதாசியும் உங்ககிட்ட இருக்கா டீச்சர்? இது பாதிதான். கடுதாசின்னா கடைசில எல்லாரும் சவுக்கியமான்னு கேப்பாங்க இல்ல? இதுல கேக்கலியே."

ஆசிரியை அவளை உற்றுநோக்கினார். பத்துச் சான்றுகளையும் மூன்று வாரம் புரட்டிய நாற்பது பேரில் எவருக்கும் தோன்றாத ஐயம் அது. எனக்கும் தோன்றவில்லை, அவருக்குமே தோன்றியிருக்காது. மேசை இழுப்பறையைத் திறந்து, மடிப்பில் கிழியத் தொடங்கிய மூலக் கடிதத்தை எடுத்தார். முன்பக்கத்தை மட்டுமே படியெடுத்திருந்தார். பின்பக்கம் வெறும் வீட்டுச் செய்தி என்று விட்டுவிட்டாராம். திருப்பி வாசித்தார். முதலில் மனத்துக்குள், பிறகு எங்களுக்குக் கேட்கும்படியாக.

'கவலை வடத்தை மாட்டுக்கொட்டாயில் சுருட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் ஊஞ்சல் கட்டக் கேட்கின்றன. அங்கே எல்லாரும் சௌக்கியமா?'

துயருக்கு வடம் ஏது? ஆசிரியை சிவப்பு மையூற்றுக்கோலை எடுத்தார். முதலில், திருத்துவதற்காகத் தாம் எழுதிவைத்திருந்த விடைக்குறிப்பில் துயர் ஒழிந்தது என்ற வரியை அடித்தார். அடுத்து என் முழு மதிப்பெண்ணை அடித்துச் சுழியிட்டார். பின்னர் தோழியின் சுழியை அடித்துவிட்டு, அவள் விடையை முதல் வரியிலிருந்து மீண்டும் படித்தார். தண்ணீர் ஆழம் போனதைப் பற்றிய வரிக்கு வந்ததும் எழுதுகோல் நின்றது. "நானும் டவுன்ல பொறந்தவதான்," என்று தாழ்ந்த குரலில் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. பத்துக்கு ஒன்பது இட்டார். ஒன்றைக் குறைத்தது எழுத்துப்பிழைக்காக.

ஆசிரியர் ஒருவர் தம் பிழையைத் தம் கையால் அடித்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. மறுநாள் வகுப்பு முழுவதற்கும் அதனை எடுத்துரைத்து, என்னைப்போல் எழுதியிருந்த அனைவரின் மதிப்பெண்ணையும் குறைத்தார். அதனால் எவரும் தவறவில்லை. ஆனால் பலநாள் எங்கள் இருவரையும் முறைத்தார்கள். "இந்த அகராதிக்கே சுழியாம்," என்ற கேலி ஆண்டிறுதிவரை ஓயவில்லை. நான் அதற்கு உரியவளே. குறிப்பேட்டைப் பள்ளியிலேயே விட்டுவிட்டோம்; அதிலிருந்த 'சரி'யை அடிக்க எவருக்கும் நினைவு வரவில்லை.

தோழி அவ்வாண்டு அரசுத் தேர்வு எழுதினாள், தேறினாள். மாமனுக்கு வேறிடத்தில் பெண் பார்த்தார்கள். மகள் தேறிய செய்தியைக் கேட்ட அவள் தந்தை, கல்லூரி செல்லப் பேருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாராம். அந்தக் கேள்வியை அவள் என்னிடம் மூன்று முறை சொன்னாள்.

கவலை இறைத்ததை நான் கண்ணால் கண்டதில்லை. நின்றபின் எஞ்சிய சரிவைத்தான் கண்டேன். எனவே மேலே கூறிய அமைப்பில் பிழைகள் இருத்தல் கூடும். தோல்வாயை இழுக்கத் தனிக்கயிறு ஒன்று உண்டென்று பின்னாளில் ஒருவர் கூறினார். அதன் பெயர் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஒரு காலையில் எத்தனை சால் என்பதும் கேள்வியுற்றதே. இறைத்தவர்களோ இறைத்தவர்களின் மக்களோ இதனைப் படிக்க நேர்ந்தால், தவறிய இடங்களை அடித்து, தங்கள் ஊரில் வழங்கிய சொல்லை அருகிலேயே எழுதி எனக்கு அனுப்பியுதவ வேண்டுகிறேன்.