சகலை கட்டிய காப்பு

போடியில் ஆயுத பூஜைக்கு மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைக்காத பட்டறை கிடையாது. ஆனால் மிஷினுக்குக் காப்புக் கட்டுகிற பட்டறை எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான். எங்கள் டிரில்லிங் மிஷினில் சுழலும் தண்டின் கீழ்முனையில், துளைபோடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கிற சக்குக்கு ஒரு விரற்கடை மேலே, மஞ்சள் நூலை ஏழெட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கும். கட்டியவர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன். "கண்ணு பட்ட மிஷினுண்ணே. காப்பு மேல மட்டும் பெயிண்டு பட்டுராமப் பாத்துக்கங்க" என்று வருஷம் தவறாமல் சொல்வார். நானும் சாமி காரியமாயிற்றே என்று பயபக்தியோடு அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் பெயிண்ட் அடிப்பேன்.

பெயிண்ட் அடிப்பது என் இலாகா. மலைத் தோட்டங்களுக்கு ஏலக்காய் தரம் பிரிக்கும் சல்லடையும், காய் உலர்த்தும் தட்டும் செய்து கொடுப்பது எங்கள் தொழில். ஆர்டர் பிடிப்பது, பேசுவது, வாய்தா சொல்வது எல்லாம் நான். கை வேலை முழுக்கச் சகலை. அவர் வந்து சேர்வதற்கு மூன்று வருஷம் முன்பே, மேலே ஓர் எஸ்டேட்டில் கழித்துவிட்ட அந்த மிஷினை ஜீப்பில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்தவன் நான்தான். வந்த அன்று அது ஒரு காலில் லேசாக ஆடியது. கூடவே வந்த சாமான்களில் ஒரு சாண் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு கிடந்தது, ஒரு முனை அகலம், மறுமுனை ஒடுக்கம். எடுத்துக் காலுக்கு அடியில் செருகினேன். ஆட்டம் நின்றது. மேஸ்திரி ஆகிவிட்ட நினைப்பு எனக்கு. முதல் ஆயுத பூஜைக்கு வீட்டு ஜன்னலுக்கு வாங்கியதில் மிஞ்சிய பச்சையை எடுத்து மேலிருந்து கீழ்வரை அடித்தேன். எதற்கு அடிக்கலாம், எதற்குக் கூடாது என்ற விசாரமே கிடையாது. அடுத்த வருஷம் கேட்டுக்கு அடித்த நீலம், அதற்கடுத்த வருஷம் கட்டிலுக்கு அடித்த காப்பிக் கலர். சகலை வந்த புதிதில் பார்த்துவிட்டு, "விட்டா எங் கையிலயும் ஒரு கோட்டிங் குடுத்துருவீக போலருக்கே" என்று சிரித்தார்.

அவருக்குக் கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் இருக்கும், பட்டறைக்கு வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. குரங்கணிக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் வைத்திருந்த ராசிங்காபுரத்து அம்மா ஒருவர், நாங்கள் செய்து கொடுத்த சல்லடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "தம்பி, எட்டு எம்எம்னு சொல்லித்தான குடுத்தீக? எட்டுக் காயெல்லாம் பொடிக்காயோட சேந்து கீழ எறங்கிப்போச்சு. யேவாரி அள்ளிப் பாத்துட்டுச் சிரிக்கிறான். மழையிலயும் அட்டைக்கடியிலயும் நின்னு பறிச்ச காயிப்பா" என்றார். சகலை சல்லடையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மிஷினில் பிட்டை மாட்டி ஓடவிட்டுக் குனிந்து பார்த்தார். "சக்கு தேஞ்சு ஆடுதுண்ணே. எட்டு பிட்டப் போட்டா எட்டரை ஓட்டை விழுகுது" என்றார்.

அந்த அம்மாவுக்கு முன்னால் எனக்கு மானம் போய்க்கொண்டிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." சொன்னதும் அந்த அம்மாகூடச் சங்கடப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சகலை மிஷினை நிறுத்தினார். "அடுத்த பறிப்புக்குள்ள சரியான சல்லடை கொண்டாந்து குடுக்கிறேன்த்தா" என்று அவரிடம் மட்டும் சொன்னார்.

மறுநாளே மதுரைக்குப் போய்ப் புதுச் சக்கு வாங்கி வந்துவிட்டார். பழையது கழன்றால்தானே புதியதை மாட்ட? மரையில் ஏறியிருக்கிறது என்று நினைத்து இடப்பக்கம் திருகினார், வலப்பக்கம் திருகினார். பைப் ரிஞ்சைப் போட்டுத் தொங்கியும் பார்த்தார். தண்டோடு சேர்ந்து சுற்றியதே தவிர அசைந்து கொடுக்கவில்லை. நான் என் பங்குக்குக் காலையும் மாலையும் சீமெண்ணெய் ஊற்றினேன். சம்மட்டியை எடுத்தபோது மட்டும் கையைப் பிடித்துக்கொண்டார். "தண்டு வளஞ்சா மிஷினே போச்சுண்ணே." மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் காலையில் நான் பொறுமை இழந்து, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுச் சல்லடையை வெளியில் செய்து வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றேன். சகலை துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "விக்கிறதுன்னா வித்துக்கங்கண்ணே. ஆனா கோளாறு கையிலயா மிஷின்லயான்னு தெரியாம விக்காதீக. இன்னைக்கு ஒரு பகல் குடுங்க" என்றார்.

அவர் கேட்டது மிஷினுக்காக அல்ல என்று எனக்கும் புரிந்தது. புதுச் சக்கு ஏறி ஒரு துளை சரியாக விழுந்தால் அவர் கை சுத்தம். ஏறாமலே மிஷின் வண்டியேறிவிட்டால் நான் சொன்ன பழமொழி சாகும்வரை அவர் பேரோடு ஒட்டிக்கொள்ளும். புரிந்தும் நான் செய்த பெருந்தன்மை, சாயங்காலம் வரட்டும் என்று இரும்பு வியாபாரியிடம் சொல்லிவைக்கக் கிளம்பியதுதான்.

நாலு மணிக்கு வியாபாரியையும் லோடு ஆட்டோவையும் கூட்டிக்கொண்டு திரும்பினேன். சாக்கின் மேல் பழைய சக்கு கிடந்தது. அதன் வால் கேரட் மாதிரி நுனியை நோக்கிச் சிறுத்து வழுவழுவென்றிருந்தது. மரை என்பதே இல்லை. பாட்டிலுக்குத் தக்கை போல இத்தனை வருஷம் வெறுமனே இறுகி நின்றிருக்கிறது. சகலை வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தார். எப்படி என்று கேட்டேன். "ஒங்க சீமெண்ணெ உள்ள எறங்கிருச்சுண்ணே. துருதான் பிடிச்சிருந்துச்சு. லேசாத் தட்டுனேன், வந்துருச்சு" என்றார். மிஷின் காலுக்கு அடியில் இரும்புத் துண்டுக்குப் பதில் ஒரு மரச்சில்லு இருந்ததைக் கண் பார்த்தது, ஏன் என்று மனசு யோசிக்கவில்லை. புகழ்ந்து பேசும்போது யார் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்? வியாபாரி டீயைக் குடித்துவிட்டு வெறும் ஆட்டோவோடு போனார்.

மறுநாள் மதுரைக்குப் போய், மரை வைத்த சக்கைக் கொடுத்துவிட்டு அதே மாதிரி வால் உள்ளதாக மாற்றி வந்தார். புதுச் சக்கு ஏறியது. எட்டு பிட்டைப் போட்டுத் துளைத்து, அதே பிட்டின் அடிப்பாகத்தைத் துளையில் விட்டு ஆட்டிப் பார்த்தார். கொஞ்சமும் ஆடவில்லை. சொன்னபடி அடுத்த பறிப்புக்குள் சல்லடை போய்ச் சேர்ந்தது. சில நாள் கழித்து அந்த அம்மா ஒரு பை காயோடு அவராகவே வந்தார். எங்கள் முன்னாலேயே சல்லடையில் கொட்டிச் சலித்தார். பெருங்காய்கள் பச்சைப் பசேலென்று மேலே நின்றன. என்னைப் பார்க்காமல் சகலையைப் பார்த்து, "சுத்தமான கைதான் தம்பி" என்றார். சகலையின் முகம் அன்று போல் மலர்ந்து நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் சீமெண்ணெய்க் கதையை ஆரம்பித்தேன். அதைப் பத்துப் பதினைந்து வருஷம் கல்யாண வீடு, காதுகுத்து ஒன்று பாக்கியில்லாமல் சொன்னேன். திறக்காத பீரோவுக்குக்கூடச் சீமெண்ணெய் சிபாரிசு செய்திருக்கிறேன். சகலை பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணன் சீமெண்ணெதான்" என்று தலையாட்டுவார். அந்த வருஷ ஆயுத பூஜையிலிருந்துதான் மிஷினுக்குக் காப்பும் வந்தது. அந்த இரும்புத் துண்டும் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஏறிக் குங்குமம் வாங்கிக்கொண்டது.

இந்த வருஷம் சகலை கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். முதல் தடவையாக ஆயுத பூஜைக்கு நான் மட்டும். பழைய காப்பு எண்ணெயேறிக் கறுத்திருந்ததால் புதிது கட்டலாமென்று பிளேடால் அறுத்தேன். நூலுக்கு அடியில், தண்டின் குறுக்கே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு நீளத் துவாரம். அதன் விளிம்பைச் சுற்றிப் பெயிண்ட் பெயர்ந்து மூன்று அடுக்காகத் தெரிந்தது. அடியில் பச்சை, நடுவில் நீலம், மேலே காப்பிக் கலர். என் ஜன்னல், என் கேட்டு, என் கட்டில்.

ஆணியிலிருந்து இரும்புத் துண்டை எடுத்துத் துவாரத்தில் விட்டேன். அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. ஒரு தட்டுத் தட்டினால் அதன் சரிவு சக்கின் வாலைக் கீழே தள்ளிவிடும், அவ்வளவுதான் வேலை. வழியைப் பெயிண்டால் அடைத்தவன் நான். சாவியைக் காலுக்கு அடியில் செருகியவனும் நான். மறுபடி அடைக்காதே என்று சொன்னால் காரணம் கேட்பேன், காரணம் சொன்னால் என் தலை குனியும். காப்பு என்றால் கேள்வி கேட்க மாட்டேன் என்று சகலைக்குத் தெரிந்திருக்கிறது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் கண் கலங்கிவிட்டது.

பூஜைக்குப் பொரிகடலையோடு வந்த மனைவியிடம் காட்டினேன். "இப்பத்தான் தெரியுதாக்கும்? தங்கச்சி அன்னைக்கே சொல்லிட்டா. ஒங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு அவரு சத்தியம் வாங்கியிருந்தாரு" என்றாள். அப்படியென்றால் அத்தனை கல்யாண வீட்டிலும் என் சீமெண்ணெய்க் கதையை இவர்கள் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள்.

உடனே சகலைக்குப் போன் போட்டேன். "சகல, அன்னைக்கிச் சக்கு கழலாத கோளாறு ஒங்க கையிலயும் இல்ல, மிஷின்லயும் இல்ல. எம் பிரஷ்லதான். அந்த அம்மா முன்னாடி அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"துருவும் இருந்துச்சுல்லண்ணே" என்றார். பிறகு, "புதுக் காப்புக் கட்டியாச்சா?"

"கட்டப் போறேன்."

"முடிச்சோட நுனிய ஒட்ட நறுக்கிருங்க. நீட்டிக்கிட்டு நின்னா சுத்துறப்ப ஒங்க கையில மாட்டிக்கிரும்."

இனி அந்தத் துவாரத்தை நான் அடைக்கப்போவதில்லை, காப்புக்கு அவசியமும் இல்லை. இருந்தாலும் மஞ்சள் நூலை எட்டுச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். நுனியை ஒட்ட நறுக்கினேன். அதற்கும் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தேன்.