தனிஸ்லாஸ் முசே கை தூக்காத நாள்

பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மாதான் சொன்னாள். சங்கரா மீனை ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், "ஒங்க முசே காலையில போயிட்டாராமே, கோயில்ல துக்க மணி அடிச்சாங்க" என்றாள். 'ஒங்க முசே' என்றது எனக்குச் சுருக்கென்றது. ஊரறிய நான் அவருக்குச் சண்டைக்காரன். இருந்தாலும் அவர் செத்தால் யாரிடம் துக்கம் விசாரிப்பது என்று மீன்காரம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. மீனை வாங்காமலே வந்துவிட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனிஸ்லாஸ் முசே ஒரு நொத்தேரிடம், அதாவது பத்திரப் பதிவு அதிகாரியிடம், பத்திரம் எழுதும் குமாஸ்தாவாக இருந்து, எழுபதுகளில் நம் சட்டசபைக்குப் போனவர். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் ஊரே அவரை முசே, அதாவது ஐயா, என்றது. கத்தோலிக்கர், அதுவும் பழைய வார்ப்பு. தவக்காலத்தில் கல்யாண விருந்துக்குப் போகமாட்டார். சினிமாக் கொட்டகைக்குச் சிபாரிசு கேட்டு வந்தவர்களை வாசலோடு அனுப்பினார். விவாகரத்து என்ற சொல்லே அவர் காதில் விழக்கூடாது. நானோ முதலியார்பேட்டை மில் சங்கத்தின் செயலாளர், எந்தச் சாமியையும் கும்பிடாதவன். தேர்தலில் அவருக்கு எதிராகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னைத் தேடி டீக்கடைக்கு வந்து வாதாடுவார். அவருக்கு அதில் ஒரு ருசி. எனக்கும்தான்.

எங்கள் மில் தறிக்காரன் முருகேசனின் மனைவி அஞ்சலையை ஒருநாள் அவரிடம் அழைத்துப் போனேன். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனை விட்டு அவள் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் பெருக்கும் வேலைக்கு ஒரு சிபாரிசு வேண்டும். முசே மறுத்துவிட்டார். "புருஷன விட்டு வந்தவளுக்கு நான் வழி பண்ணிக் குடுத்தா, நாளைக்கு ஊர்ல எந்தக் குடும்பம் நிக்கும்? நீ திரும்பிப் போம்மா. அவன நான் பாத்துக்கறேன்" என்றார். "அடி வாங்கறது நானு, பாத்துக்கறது நீங்களா?" என்று கேட்டுவிட்டு அஞ்சலை எழுந்து வந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. இப்போது நினைத்தாலும் கொதிக்கிறது.

ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. அன்று சாயங்காலமே சாராயக் கடைக்கு நடந்துபோய், முருகேசனின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். "எத்தினி பேர இப்படி இழுப்பீங்க முசே?" என்று கடைக்காரன் சிரித்தானாம். அதற்குப் பிறகுதான் அவர் மேடைக்கு மேடை ஒன்றையே சொல்ல ஆரம்பித்தார்: "குடும்பத்தைப் பிரிக்கமாட்டேன். பிரிக்கிற கடையை மூடுவேன்."

அடுத்த வருஷம் எங்கள் மில் கதவடைத்தது. அரசாங்கமே மில்லை எடுத்து நடத்தும் என்று மந்திரிசபை வாக்குக் கொடுத்தது. அதற்கான பணத்தைப் புதிய சாராயக் கடைகளை ஏலம் விட்டு எடுப்பதாக ஏற்பாடு. இரண்டையும் ஒரே தீர்மானத்தில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார்கள். சபையில் இரண்டு பக்கமும் சம பலம், முசேயின் கை ஒன்றுதான் பாக்கி. எங்கள் வீடுகளில் அடுப்பு எரிவதும் எரியாததும் அந்தக் கையில் இருந்தது.

பக்தரை வளைக்கப் பங்குச் சாமியாரைப் பிடித்தால் போதும் என்று சங்கத்தில் முடிவு செய்தோம். சாமியார் பசித்த வீடுகளை நேரில் பார்த்தவர். பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே எங்கள் முன்னால் எடுத்துச் சொன்னார். முசே தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு, "பாவசங்கீர்த்தனத்துல நீங்க என்ன சொன்னாலும் முழங்கால் போட்டுக் கேப்பேன், சாமி. சபையில நீங்க சொல்லி நான் கை தூக்கினா, நாளைக்கு வேற எவனாவது சொல்லியும் தூக்குவேன்" என்றார். கோயிலுக்கு அடங்கியவர் எல்லாவற்றுக்கும் அடங்குவார் என்று நினைத்தோம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அதுவரை ஒருவேளை தயங்கிக்கொண்டிருந்த மனிதர் அதற்குப் பிறகு கல்லாகிவிட்டார்.

தீர்மானம் வந்த அன்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "தொழிலாளிக்குக் கூலி கொடுங்கள். அதை அவன் மனைவியின் தாலியிலிருந்து எடுக்காதீர்கள்" என்று மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தார். கை தூக்கச் சொன்னபோது தூக்கவில்லை. தீர்மானம் தோற்றது, அதோடு மந்திரிசபையும் கவிழ்ந்தது. சாயங்காலம் அவர் வீட்டு ஜன்னல்களில் ஒரு கண்ணாடி மிஞ்சவில்லை. யார் எறிந்தது என்று போலீஸ் கேட்டதற்கு, "எல்லார் பேரும் தெரியும். பசியில இருக்கறவன் பேர ஒங்ககிட்ட குடுக்கறதா இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பின்னால் வந்தவர்கள் கடைகளையும் திறந்தார்கள், மில்லையும் மூடியே வைத்தார்கள். அடுத்த தேர்தலில் முசே தோற்றார். மில் ஆட்கள் சிதறிப்போனார்கள். நான் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் ஒதுங்கினேன். வேலையற்ற முருகேசன் சாராயக் கடையே கதியென்று கிடந்து, ஈரல் கெட்டுச் செத்தான். அவன் சாவுக்கு முசே வந்தார். தெருமுனையில் வெயிலில் நின்றவரை எங்கள் ஆட்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அஞ்சலை அவரிடம் போய், "நீங்க நெனச்சது நல்லதுதான் முசே. ஆனா கடையும் மூடல, மில்லும் தொறக்கல" என்றாள்.

அன்றுதான் பல வருஷம் கழித்து நான் அவரோடு பேசினேன். "தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க முசே. போதும், விட்டுடறேன்" என்றேன்.

"தப்பு இல்ல. அதுக்கு வெல குடுத்தது மத்தவங்க. அது தெரியும்."

"தூக்கம் வருதா?"

"வரல."

"மறுபடியும் அந்த நாள் வந்தா?"

"கை தூக்கமாட்டேன்."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபடி டீக்கடைக்கு வந்தார். நானும் ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்டேன். அவரும் மாறவில்லை. போன மாதம் படுக்கையில் கிடந்தவரிடமும் கேட்டேன். செத்துக்கொண்டிருப்பவரிடம் கேட்கும் கேள்வியா என்று நீங்கள் என்னைத் திட்டலாம். அவருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. "பட்டினி கெடந்த அந்த மில்காரங்க புள்ளைங்கள நெனைக்காத நாள் இல்ல. ஆனா தூக்கமாட்டேன்" என்றார்.

கோயிலிலிருந்து கல்லறைக்குச் சவப்பெட்டியைத் தோளில் கொண்டுபோவது கத்தோலிக்கர் வழக்கம். முசேவுக்குப் பிள்ளைகள் இல்லை. கட்சிக்காரர்கள் மாலை போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். பழைய மில்காரர்கள் சிலர் எதிர்ச்சாரியில் கைகட்டி நின்றிருந்தார்கள். எதற்கு வந்தோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. தோளுக்கு ஆள் போதாமல் பெட்டி வாசலிலேயே இருந்தது. அஞ்சலைதான் அவர்களைப் பார்த்து, "தூக்குங்க. திட்டணும்னா தூக்கிக்கினே திட்டுங்க" என்றாள். தூக்கினோம். யாரும் திட்டவில்லை.

அவர் நினைவாக என்னிடம் ஒரு படம்கூடக் கிடையாது. இருப்பதெல்லாம் அவர்மேல் எனக்குள்ள கோபம்தான். அது இன்னும் ஆறவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கொண்டுபோய் யாரிடம் கொட்டுவேன் என்று தெரியவில்லை.