எண்ணாமல் விட்ட தெரு

எங்கள் வேனில் ஊசி கொடுக்கிற நர்ஸுக்கு ஊரெல்லாம் ஒரே பெயர்: ஊசியக்கா. வயதில் எனக்கு இளையவள்தான். ஊரோடு சேர்ந்து நானும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் பழைய ஊசியைக் கொண்டுவந்து போட்டால் புதியதைக் கொடுப்பாள். ஒருவர் ஊசியை இன்னொருவர் எடுத்துக் குத்திக்கொண்டு நோயை வாங்கக் கூடாது, அதற்குத்தான் இந்த வேன். நான் அதன் டிரைவர். என் வாய் சும்மா இருக்காது. பேசியே ஆகவேண்டிய ஒரு நாளில் மட்டும் அதை மூடிக்கொண்டேன்.

வேன் எங்கே நிற்பது என்று யாரும் ஜோசியம் பார்த்துச் சொல்வதில்லை. நாளுக்கு ஒரு தெருவாக நடந்து, கீழே கிடக்கும் ஊசிகளை இடுக்கியால் எடுத்து டப்பாவில் போட்டு எண்ணுவோம். எங்கே அதிகமோ அங்கே வண்டி. அக்கா இதில் கெட்டிக்காரி. சாக்கடை ஓரத்தைப் பார்த்தே, "இங்க நாலு இருக்கும்ணே" என்பாள். நாலுதான் இருக்கும். எங்கள் வாசலில் வண்டி நிற்கக் கூடாது என்று யாராவது சண்டைக்கு வந்தால், "உங்க புள்ளைங்க செருப்பில்லாம ஓடுற இடங்க இது" என்று ஒரே போடு போடுவாள்.

அவளுடைய தெருவின் முறை வந்த அன்று நான் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். அக்கா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இடுக்கியும் கையுமாகக் குனிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"என் தம்பி போட்டதுண்ணே. வண்டி இங்க நின்னா அவனும் வரிசையில வந்து நிப்பான். தெருவே பாக்கும். அம்மா தாங்கமாட்டாங்க."

"நான் எதையும் பாக்கலக்கா" என்றேன். பெரிய மனசுக்காரன் என்று எனக்கு நினைப்பு. அன்றைய தாளில் அவள் தெருவுக்கு நேரே பூஜ்யம் போட்டதும் நான்தான். வண்டி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

மூன்று மாதம் கழித்துத் தம்பிக்குக் கண் மஞ்சளானது. ரத்தத்தைச் சோதித்ததில் கல்லீரல் தொற்று என்று வந்தது. கூட்டாளியின் ஊசியை வாங்கிப் போட்டிருக்கிறான். அக்கா வேனின் பின்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. நான் போட்ட அந்தப் பூஜ்யம்தான் கண் முன்னால் நின்றது.

அதிகாரி நடத்தும் அடுத்த மாதக் கூட்டத்தில் அவள் எழுந்தாள். "எங்க தெருவுல அன்னிக்குப் பதினேழு ஊசி இருந்தது சார். நான் பொறுக்கி ஒளிச்சிட்டேன்."

"தெரிஞ்சே பூஜ்யம் எழுதினது நான்" என்று நானும் எழுந்தேன். இரண்டு பேருக்கும் அதிகாரியிடம் நல்ல டோஸ் விழுந்தது. வியாழக்கிழமைதோறும் வண்டி அவள் தெருவில் நிற்பதென்று முடிவானது.

முதல் வியாழக்கிழமை அவள் வீட்டுக்கு நேர் எதிரே வண்டியை நிறுத்தினேன். அவள் அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மூன்றாவது ஆளாகத் தம்பி வந்தான். நாங்கள் யார் பெயரையும் எழுதுவதில்லை. அம்மா பெயரின் முதல் எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அடையாளம். அக்கா தலை நிமிராமல், எல்லாரிடமும் கேட்பதுபோலவே கேட்டாள்.

"அம்மா பேரு, முதல் எழுத்து?"

"உனக்குத் தெரியாதாக்கா?" என்று சிரித்தான். அவன் பழைய ஊசிகளை டப்பாவில் போட்டுவிட்டு வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தான். "இது ஏன்க்கா இத்தனை நாளா நம்ம தெருவுக்கு வரல?"

அவனுக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். ஜன்னலுக்குப் பின்னால் அம்மாவும் நின்றிருப்பார்.

"நான்தான்டா வரவிடல" என்றாள்.