டார்வெல் யாருக்காக வாதாடினார்?

ஒரே கதையைப் பல வாயிலிருந்து கேட்டு, எதையும் திருத்தாமல் எழுதிவைப்பது என் தொழில். கேட்டதை மறைக்கவும் இயலாமல் சொல்லவும் இயலாமல் தவிக்கும் சகபாடிகளுக்கு இதன் அவதி தெரியும்.

செவன் கிங்ஸில்

இக்கதையைக் கடந்த மாசியில், லண்டனில் வாழும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஜெயம் டார்வெல்லிடம் முதலில் கேட்டேன். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் விடுதிப் பள்ளியில், செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயரையே பிள்ளைக்கு இடும் வழக்கம் இருந்தது. ஜெயத்தின் பூட்டனாருக்கு அப்படி வந்த பெயர் டார்வெல். பெயருக்குரிய அமெரிக்கர் வழக்கறிஞர், பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர். தப்பியோடி வந்த அடிமைப் பெண்ணொருத்திக்காக வாதாடி அவளை விடுவித்தாராம். அதற்கடுத்த ஞாயிறு ஜெயத்தின் பேத்திக்கு ஞானஸ்நானம். குழந்தைக்கு நடுப்பெயராக டார்வெல் வேண்டும் என்றார் அவர்; குழந்தையின் தாயான மகள் நிரோஷா தயங்கினாள்.

“கதையை வடிவா எழுதித் தாங்கோ மாஸ்டர். வாசிச்சாளெண்டால் மறுக்கமாட்டாள்.”

வெஸ்ட் ஈலிங்கில்

ஜெயத்தின் தமக்கை ராணியிடமும் கேட்டேன். அதே வழக்கறிஞர், அதே நீதிமன்றம், அதே பெண். ஆனால் டார்வெல் வாதாடியது எசமானுக்காக. வென்றார், பெண்ணை விலங்கிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வெற்றியே அவரைக் காங்கிரஸுக்கு அனுப்பியதாம். தம்பிக்கு இது தெரியாதா என்றேன்.

“அப்பா அவனுக்கு மாத்தித்தான் சொன்னவர். சின்னனிலை அவன் எதுக்கும் அழுவான்.”

மீண்டும் செவன் கிங்ஸில்

எழுதுமுன் ஒருவர் சொன்னதன் ஒலிப்பதிவை அவருக்கே போட்டுக் காட்டுவேன். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்க விடுவதில்லை. அந்த ஒழுங்கை நான் ஒருபோதும் மீறியதில்லை. வெள்ளிக்கிழமை, நிரோஷா குழந்தையுடன் அருகில் இருக்க, கைபேசியில் பதிவை மாற்றி அழுத்திவிட்டேன். ராணியின் குரல் வந்தது. பதறி நிறுத்துவதற்குள் விலங்கு வரை சொல்லி முடித்துவிட்டார்.

ஜெயம் தேநீரைத் தொடவில்லை. “அக்காவுக்கு எப்பவும் என்னை மட்டந்தட்ட வேணும்” என்றார், சத்தமில்லாமல். நிரோஷா குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். இரண்டு பதிவுகளிலும் இல்லாததைத்தான் அவள் கேட்டாள். நான் கேட்கத் தவறியதும் அதுவே.

“வக்கீலின்ரை பேரை எல்லாரும் வச்சிருக்கிறீங்கள். அந்த மனிசிக்கு என்ன பேர், அப்பா?”

ஞாயிறன்று குழந்தைக்கு டார்வெல் என்ற பெயர் இடப்படவில்லை என்பது நான் நேரில் கண்டது. ஆயினும், ஜெயம் கோபித்து ஞானஸ்நானத்துக்கே போகவில்லை என்றும், அந்தப் பதிவை நான் வேண்டுமென்றே போட்டேன் என்றும் மனோர் பார்க் தமிழரிடையே இப்போதே இக்கதைக்கு இரு பாடங்கள் வழங்குகின்றன.