சீலை கட்டிய பற்றை

சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அருள்மலர் அன்ரி. இருபத்துமூன்று வருடம் ஹோட்டல் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றியவர். அவர் மடிக்கும் மூலைக்கு முன்னால் கோடு கீறும் அடிமட்டமே வெட்கப்படும்.

கணவர் அமிர்தநாதர் அங்கிள் பாரிசவாதம் வந்து மூன்று வருடமாகப் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். பேச்சு அடியோடு போய்விட்டது. போன வருடம் ஜூனில் அன்ரி அவர் வாயில் ஒரு காட்டுப்பழம் வைத்தார்.

"புளிக்குது" என்றார் அங்கிள்.

மூன்று வருடத்தில் அந்த ஒரு சொல்தான்.

அது சேர்விஸ்பெரிப் பழம். டொன்வலி என்கிற பள்ளத்தாக்கில் ஆளுயரப் புதர்ப் பற்றை ஒன்றில் காய்ப்பது. கனடாவுக்கு வந்த புதிதில் அங்கிள் கண்டுபிடித்தது. ஜூன் வந்தால் இருவரும் ஐஸ்கிரீம் வாளியோடு போய்ப் பிடுங்குவார்கள். அந்தச் சொல்லை இன்னொரு தடவை கேட்க அன்ரி இந்த ஜூனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் மார்ச்சிலேயே ரீசேட்டோடு திரியும் வெக்கை. பற்றை ஏமாந்துபோய் ஏப்ரல் நடுவிலேயே வெள்ளையாகப் பூத்துவிட்டது. முன்பு பனி போன பிறகுதான் பூ வரும். இப்போது பூவுக்கு அவசரம். பனி மட்டும் பழைய கணக்கிலேயே வருகிறது. இரண்டு இரவுக்கு உறைபனி என்று ரேடியோ சொன்னது. பூ கருகினால் பழமில்லை.

அன்ரி எங்கள் கதவைத் தட்டினார். என் குறும்புக்கு அவர் வைத்த பெயர் குரங்கு. "குரங்கு, வந்து கொப்பை வளைச்சுப் பிடி."

அன்ரியின் கலியாணக் கூறையும் சேர்த்து ஐந்து சீலைகள். ஹோட்டல் கட்டில் மாதிரி மூலை மடித்துப் பற்றையைச் சுற்றினோம். முதல் இரவு பூ தப்பியது.

என் கை சும்மா இருக்குமா? மறுநாள் சிவப்புக் கடதாசியில் பெரிய பொட்டு வெட்டிச் சீலையில் ஒட்டி, 'டொன்வலி அம்மன்' என்று எங்கள் கட்டடத்து வட்ஸ்அப்பில் படம் போட்டேன். நாலாம் மாடி நவரட்ணம் அங்கிள் கற்பூரத்தோடு ஓடினார்.

"தாயே, இந்தக் குளிருக்குள்ளயும் வந்திட்டியே!"

பின்னால் பத்துப் பேர், தேங்காயோடு. புகையைக் கண்ட பூங்கா ஊழியர் ஐந்து சீலையையும் அவிழ்த்துக் கொண்டுபோய்விட்டார். அன்ரி அப்போது அங்கிளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார், ஒன்றும் தெரியாது. அன்றிரவு மைனஸ் நாலு.

விடியப் போய்ப் பார்த்தோம். பூவெல்லாம் வடித்த தேயிலைச் சக்கை மாதிரி.

"அன்ரி, பொட்டு வைச்சது நான்தான்."

"தெரியும். உந்த விசர் வேற ஆருக்கு?"

அதோடு விட்டார். அடித்திருக்கலாம்.

ஜூனில் ஒரு பழம்கூட இல்லை. கடையில் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் புளூபெரி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு அன்ரியோடு இல்லத்துக்குப் போனேன்.

"இதையும் வைச்சுப் பாப்பமே, அன்ரி?"

"வை."

அங்கிள் மென்றார். விழுங்கினார். இருவரும் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்ரி அவர் வாயைத் துடைத்து, போர்வையின் மூலையை மடித்துச் செருகினார்.

"மிச்சத்தை நீ தின்."

ஒன்றை வாயில் போட்டேன். துளிகூடப் புளிக்கவில்லை.