எட்டு மில்லியனுக்கு ஒரு மாற்றுக் கலியாணம்

ஆளுக்கு ஆள் மாத்திறதுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறதும் ஒரு தொழில் எண்டு நான் மெல்பேர்ண் வந்த பிறகுதான் கண்டனான். டெலிபோனுக்கு முன்னால இருந்து, தாங்கள் எழுதாத சட்டத்துக்குத் தாங்கள் ஏச்சு வாங்கின ஆக்கள் ஆரும் இதை வாசிக்கிறியள் எண்டா, பக்கத்துக் கதிரையில வந்து இருங்கோ. உங்களுக்குத்தான் இது விளங்கும்.

2009ஆம் ஆண்டுக் கடைசி. மல்கிரேவில ஒரு சின்னக் கொம்பனி, இணையத்தில கூடைப்பந்து விளையாட்டு ஒண்டு நடத்தினது. நீங்கள் சேர்ந்தா ஒரு அணிக்கு முதலாளி மாதிரி. அமெரிக்காவில உண்மையா விளையாடுற ஆக்கள்தான் உங்கட அணியில. அவை அங்க பந்தைப் போட்டா உங்களுக்கு இஞ்ச புள்ளி. பிடிக்காத ஆளை இன்னொரு அணியோட மாத்தலாம். ஆனா அமெரிக்க லீக்கின்ர சட்டத்தை அப்பிடியே தூக்கி வச்சிருந்தவங்கள்: ஆளுக்கு ஆள் பாக்கிறதில்லை, சம்பளத்துக்குச் சம்பளம்தான் பாக்கிறது. குடுக்கிற ஆளின்ர சம்பளத்தை விட எடுக்கிற ஆளின்ர சம்பளம் கால்வாசி கூடலாம், அதுக்கு மேல ஒரு லட்சம் டொலர் கூடலாம், அவ்வளவுதான். தாண்டினா கொம்பியூட்டர் சிவப்பில 'செல்லாது' எண்டு காட்டும். உடன டெலிபோன் அடிக்கும். அந்த டெலிபோன் என்ர மேசையில இருந்தது.

எனக்கு ஜூன் மாதம் வரைக்கும்தான் கொன்ராக்ட். அக்கவுண்டிங் படிக்க வந்து, படிப்பு முடிய கிடைச்ச தற்காலிக விசாவும் கரைஞ்சுகொண்டிருந்த நேரம். கொம்பனி நிரந்தரமாக்கி ஸ்பொன்சர் பண்ணினா நான் இருக்கலாம். இல்லாட்டிப் பெட்டி கட்டவேணும். அந்த நேரம் யாழ்ப்பாணம் திரும்பிப் போறதைப் பற்றி என்னைப் பெத்த அம்மாவே, "அவசரப்படாத பிள்ளை" எண்டுதான் டெலிபோனில சொன்னவ. இதை மனசில வச்சுக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கோ.

வலைப்பந்து

நேர்முகத்தில மேலாளர் கிரெக் கேட்டார், கூடைப்பந்து தெரியுமோ எண்டு. எங்கட ஊரில பெட்டையள் விளையாடினது வலைப்பந்து. பள்ளிக்கூட அணியில நான் கோல் கீப்பர், எங்களை வேம்படிப் பள்ளிக்கூடக்காரர் மட்டுமில்லை, எல்லாரும்தான் வெண்டவை. பொய் சொல்ல மனம் வரேல்லை, உள்ளதைச் சொன்னன். வலைப்பந்தில பந்தைத் தட்டிக்கொண்டு ஓடேலாது எண்டதையும் சேர்த்துச் சொல்லிப்போட்டு, சரி, வேலை போச்சு எண்டு பையைத் தூக்கினன். கிரெக் சொன்னார்: "இதில ஓடலாம், தட்டலாம். மிச்சமெல்லாம் பெருக்கல் கணக்கு. திங்கக்கிழமை வாரும்."

நல்ல ஆள் மலிவு

அமெரிக்காவில இரவு விளையாட்டு எண்டா எங்களுக்கு அடுத்தநாள் காலமை பத்து, பதினொரு மணி. அதால எங்கட வாடிக்கையாளர் எல்லாரும் வேலையில ஒளிச்சு நிண்டுதான் டெலிபோன் எடுப்பினம். ஒருத்தர் கழுவுற அறையில நிண்டு கதைக்கிறது தண்ணிச் சத்தத்திலயே தெரியும்.

டண்டினோங்கில வீட்டுக்கு வயர் இழுக்கிற ஒருத்தர், கட்டிட வேலை நடக்கிற இடத்தில ஏணியில நிண்டு எடுத்தார். தன்ர அணியில ஒரு கிழட்டு வீரர், பந்தைப் பிடிக்கவே பஞ்சிப்படுறாராம். அவரைக் குடுத்து ஒரு இளம் பெடியனை எடுக்கப் பாக்கிறார், மற்ற அணிக்காரன் சம்மதம், கொம்பியூட்டர் மாட்டனாம். நான் பாத்தன். அந்தப் பெடியன் லீக்குக்குப் புதுசு. புதுசா வாறவைக்குச் சம்பளத்தை லீக்கே கட்டி வச்சிருக்கு, எவ்வளவு திறமா விளையாடினாலும் முதல் ஒப்பந்தம் முடியும் வரைக்கும் கூடாது. கிழவரின்ர சம்பளம் அதைப்போலப் பல மடங்கு. அவரை எடுக்கிற அணிக்குக் கணக்கு எங்கயோ போகுது. திறமைக்குச் சட்டத்தில இடமே இல்லையோ எண்டு அவர் கேட்டார். இல்லை எண்டன். எனக்கும் அண்டைக்குத்தான் அது உறைச்சது. அவர் சொன்னார்: "கீழ நிக்கிறவன் வேலை செய்யிறான், மேல நிக்கிறவன் சம்பளம் எடுக்கிறான். இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகத் தேவையில்லை, எங்கட சைற்றுக்கு வாரும்."

போகப்போறவருக்கு மவுசு

ஒரு மனிசி, நூலகத்தில வேலையாம், குசுகுசுத்த குரலில கேட்டா, முழங்கால் உடைஞ்ச ஒருத்தரைத் தனக்கு மாத்தித் தரலாமோ எண்டு. அந்தாள் அந்த வருசம் ஒரு நாளும் களத்தில இறங்கேல்லை. தெரியாமல் கேக்கிறா எண்டு நினைச்சு, "அவர் விளையாடுறதில்லை, தெரியும்தானே?" எண்டன். தெரியுமாம். சம்பளம் பெரிசு எண்டும் தெரியுமாம். ஆனா ஒப்பந்தம் ஜூனோட முடியுது. அவர் போனா அந்தச் சம்பளம் முழுக்கக் கணக்கில இருந்து இறங்கும், அந்த இடத்துக்கு நல்ல ஆளைப் பிடிக்கலாம். அவர் போறதுதான் அவரின்ர பெறுமதி எண்டு பொறுமையா எனக்கு விளங்கப்படுத்தினா.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் இதைப் பக்கத்து மேசை செந்திலிட்டைச் சொன்னன். செந்தில் தமிழ்நாடு. அந்தச் சிவப்பு எழுத்துக் காட்டிற புரோகிராமை எழுதினதே அவர்தான். பொயிண்ட் குக்கில வீட்டை வாங்கிப்போட்டு, தினமும் பாலம் தாண்டி வாற அலுப்பை எங்களுக்குப் பங்கு வைக்கிற மனிசன். கெட்டவர் இல்லை, வாய்தான் கொஞ்சம் முந்தும். சோத்துப் பெட்டியை மூடிக்கொண்டு சொன்னார்: "ஜூன்ல முடியிற காண்ட்ராக்டுக்குத்தான் மதிப்புன்னா, இந்த ஆபீஸ்லயே காஸ்ட்லியான ஆளு நீங்கதான் மதி."

சீதனமோ டொனேசனோ

சிட்னியில இருக்கிற லிட்கம் சிவம் அங்கிளை எனக்கு முகம் தெரியாது, குரல்தான் தெரியும். அவரும் கூட்டாளிமாரும் சனிக்கிழமையளில முந்நூற்றி நாலு விளையாடிக்கொண்டிருந்த ஆக்கள். ஒருத்தரின்ர மருமகன் இந்த விளையாட்டைக் காட்டிவிட, சீட்டுக்கட்டை மூடி வச்சிட்டு அமெரிக்காக்காரரை மாத்தத் தொடங்கீட்டினம். முதலில இங்கிலிசில ஏறி விழுந்தார். நான் ரெண்டு வசனம் கதைக்க, "பிள்ளை தமிழோ?" எண்டார். ஓம் எண்டன். அதுக்குப் பிறகு தமிழில ஏறினார்.

"எட்டு மில்லியன் ஆளைக் குடுத்து ஒன்பதரை மில்லியன் ஆளை எடுக்கிறன். உங்கட சட்டப்படி பத்து மில்லியனும் மேல ஒரு லட்சமும் வரைக்கும் எடுக்கலாம். பிறகேன் சிவப்பு?" அவரின்ர கணக்குப் பிழையில்லை. ஆனா அவர் எடுக்கிற ஆளின்ர ஒப்பந்தத்தில, தன்னை மாத்தினா தனக்கு மேலதிகமாக் காசு தரவேணும் எண்டு ஒரு வரி இருந்தது. குடுத்து அனுப்புற அணிதான் காசைக் கட்டும். ஆனா எடுக்கிற அணியின்ர கணக்கிலதான் அது ஏறும். இதை நான் எப்பிடிச் சொன்னாலும் மனிசன் ஏற்கிறாரில்லை. கடைசியா, "அங்கிள், இதை ஒரு மாற்றுக் கலியாணம் எண்டு நினையுங்கோ" எண்டன். "உங்கட மகள் அந்த வீட்டுக்குப் போறா, அந்த வீட்டு மகள் உங்கட வீட்டுக்கு வாறா. ரெண்டு பக்கமும் ஏறக்குறையச் சரியெண்டா ஆரும் ஆருக்கும் ஒண்டும் குடுக்கத் தேவையில்லை. இந்த மேலதிகக் காசு டொனேசன் மாதிரி. அதைச் சேர்த்தா பதினொண்டுக்குக் கிட்டப் போகுது."

சீதனத்துக்கு மேல மாப்பிள்ளை வீட்டுக்குக் காசாக் குடுக்கிறதுக்குப் பேர் எங்கட பக்கத்தில டொனேசன். உவமை அவருக்குப் பிடிச்சுது, ஆனா சொல் பிடிக்கேல்லை. டொனேசனோ சீதனமோ எண்டு கால்மணித்தியாலம் வாதாடினம். கடைசியில தீர்ப்பும் அவரே சொன்னார்: "காசு ஆரின்ர கைக்குப் போகுது எண்டு பாரும் பிள்ளை. மாறிப்போற ஆளின்ர கைக்கு எண்டா அது சீதனம். டொனேசன் டொனேசன் எண்டு மனிசரைக் குழப்பாதையும்."

பதிவில கேட்ட ஒரே ஒரு சொல்

எங்கட அழைப்பெல்லாம் பதிவாகும். மாதம் ஒருக்கா கொம்பனியில தமிழ் தெரியாத ஒரு மனிசி சிலதை எடுத்துக் கேப்பா. அவ எடுத்தது எங்கட கால்மணித்தியாலத்தை. ஒண்டும் விளங்கேல்லை, ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப இங்கிலிசில விழுகுது: டொனேசன். வாடிக்கையாளரிட்டைக் காசு கேக்கிறாள் எண்டு எழுதி அனுப்பீட்டா. என்ர கொன்ராக்டை இன்னும் ஆறு மாதம் நீட்டுற பேப்பரில கையெழுத்துப் போடவேண்டிய கிழமை அது. கிரெக் பேப்பரைத் திருப்பி மேசை லாச்சிக்குள்ள வச்சார்.

தமிழ் தெரிஞ்ச ஆள் எண்டு செந்திலைக் கூப்பிட்டுக் கேக்கப் பண்ணிச்சினம். நான் கும்பிட்ட தெய்வமெல்லாம் செந்தில் ரூபத்தில வந்த மாதிரி எனக்கு ஒரு நிம்மதி. அவர் அறைக்குள்ள போய் வெளிய வர, கிரெக்கின்ர முகம் முந்தியிலும் பார்க்க இருண்டு கிடந்தது. எங்கட வேகத்துக்குச் செந்திலுக்குப் பாதிதான் பிடிபட்டிருக்கு. அந்தப் பாதியை வச்சு, ஆரோ ஒருத்தரை எங்கயோ சேர்க்கிறதுக்கு வீட்டுக்காரர் டொனேசன் கட்டினம் போல எண்டு நேர்மையா மொழிபெயர்த்திருக்கிறார். மெல்பேர்ணில கள்ளக் கொலீஜ்களை ஒண்டொண்டா இழுத்து மூடிக்கொண்டிருந்த காலம். நான் களவா அனுமதி வித்துக் காசு பாக்கிறன் எண்டுதான் கிரெக் நினைச்சிருக்கிறார். செந்திலில வந்த கோவத்தைச் சொல்லி வேலையில்லை, வாகனத் தரிப்பிடத்தில மறிச்சு வச்சுக் கேட்டன். மனிசன் அழாக்குறையாச் சொன்னார்: "எங்க ஊர்ல டொனேஷன்னா இன்ஜினியரிங் சீட்டு கிடைக்கும் மதி. உங்க ஊர்ல மாப்பிள்ளை கிடைப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மூண்டு கலியாணம் செய்தவர்

அடுத்த நாள் கிரெக், என்னையும் முன்னால இருத்தி வச்சுக்கொண்டு, லிட்கமுக்கே டெலிபோன் எடுத்தார். ஒலிபெருக்கியில போட்டார். இவள் உங்களிட்டை டொனேசன் கேட்டவளோ எண்டு நேராக் கேட்டார். அங்கிள் இலங்கையில அரசாங்கக் கச்சேரியில வேலை செய்தவர், அந்தக் காலத்து இங்கிலிஸ், ஒவ்வொரு சொல்லும் கஞ்சி போட்டு மடிச்ச சேட்டு மாதிரி வரும். "இல்லை ஐயா. டொனேசன் கேக்கிறது மாப்பிள்ளை வீட்டார். இந்தப் பிள்ளை கொம்பனியின்ர ஆள்" எண்டார்.

பிறகு தொடங்கினார். மாற்றுக் கலியாணம் எண்டா என்ன, சீதனம் ஆருக்கு, டொனேசன் ஆருக்கு, ஒரு அணி கட்டின காசு மற்ற அணியின்ர கணக்கில ஏன் ஏறுது, எல்லாம். கிரெக் இடையில ஒருக்கா மட்டும், "அப்ப அந்தச் சிவப்புச் சரிதானோ?" எண்டு மெல்லக் கேட்டார். சரியாம். அங்கிள் தான் எடுக்கப் பாத்த ஆளையும் விட்டுட்டாராம். இவ்வளவும் எப்பிடித் தெரியும் எண்டு கிரெக் கேக்க, மற்றப் பக்கத்தில இருந்து பதில் வந்தது: "நீங்கள் கொம்பனி நடத்திறியள், நான் மூண்டு பெட்டையளைக் கட்டிக் குடுத்தனான். கணக்கு எனக்குத்தான் கூடத் தெரியும்."

இங்கிலிஸ் மட்டும்

லாச்சிக்குள்ள இருந்த பேப்பர் வெளிய வந்தது. ஆறு மாதத்துக்கு இல்லை, நிரந்தரம். ஸ்பொன்சரும் செய்யிறதாச் சொன்னார். புதுசா ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தார்: இனி எல்லா அழைப்பும் இங்கிலிசில மட்டும், பதிவைக் கேக்கிற ஆளுக்கு விளங்கவேணும். நியாயம்தானே. நான் வாசிச்ச கையோட கையெழுத்துப் போட்டன், நீங்கள் எண்டாலும் போட்டிருப்பியள். காருக்குள்ள போயிருந்து அழுதுபோட்டு அம்மாவுக்கு எடுத்தன். அவவும் அழுதா. நான் வாழ்க்கையில சந்தோசப்பட்ட நாளுக்குள்ள அதுவும் ஒண்டு.

அடுத்த சீசன் தொடங்கின கிழமை லிட்கம் நம்பர் அடிச்சுது. ஒருத்தரைக் குடுத்து ரெண்டு பேரை எடுத்தா, ரெண்டு பேரின்ர சம்பளத்தையும் கூட்டித்தான் பாக்கிறதோ எண்டு அங்கிள் இங்கிலிசில கேட்டார். நான் பேர் சொல்லேல்லை. பதிவு ஓடுது. நாக்கைச் சுருட்டி, கொம்பனி சொல்லித் தந்த குரலில, ஓம் ஐயா, கூட்டித்தான் பாக்கவேணும் எண்டு இங்கிலிசில விளங்கப்படுத்தினன். ஒரு உவமையும் சொல்லேல்லை. அவர் ஒரு வாதாட்டமும் இல்லாமல் கேட்டு, நன்றி சொன்னார். வைக்கப்போறார் எண்டு நான் நினைக்க, அதே கஞ்சி போட்ட இங்கிலிசில கேட்டார்: "மிஸ், இஞ்ச முந்தி ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருந்தவ, நல்ல பிள்ளை. அவவை எந்த அணிக்கு மாத்திப்போட்டியள்?"

சம்பளம் சரிவந்தா மாத்தம் செல்லும் எண்டது அமெரிக்காக்காரன் எழுதின சட்டம், மாறின ஆளைத் தேடி வாறவருக்கு என்ன பதில் சொல்லுறது எண்டு அதில ஒரு வரியும் இல்லை.