எட்டு கம்ப்யூட்டரும் ஒரு திறப்பு விழாவும்

போன வாரம் மகளுக்கு லேப்டாப் வாங்கத் திருப்பதியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். இரண்டு மாடல். வேறு வேறு கம்பெனி சிப். விலையில் நல்ல வித்தியாசம். ஏன் என்று கேட்டேன். விற்பனையாளர் சட்டென்று சொன்னார்: “ரெண்டும் ஒண்ணுதான் சார்!”

ஏசியிலும் எனக்கு வியர்த்துவிட்டது. இதே வாக்கியத்தை, இதே ஊரில், இதே தைரியத்தோடு ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன்…

தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலம் அது. அமெரிக்கா, இல்லாவிட்டால் ஹைதராபாத், அதுவும் இல்லாவிட்டால் பெங்களூர் — எல்லா வீட்டிலும் இதே பேச்சு. நான் திருப்பதியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்றுக்கொண்டிருந்தேன்.

கஸ்தூரி அக்கா நகரிக்காரர். விசைத்தறி வீட்டுப் பெண். சித்தூர் பக்கம் புத்தலப்பட்டில் வாழ்க்கைப்பட்டவர். டீச்சர் வேலையை விட்டுவிட்டு அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கத் துணிந்தார். வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை.

சித்தூரில் முனிரத்தினம் என்று எனக்கு ஒரு போட்டிக் கடைக்காரர். பேர்போன கம்பெனி சிப் மட்டும்தான் போடுவார். அவரிடம் போனால் அக்கா வைத்திருந்த பணத்துக்கு ஐந்து மெஷின்தான் கிடைக்கும். நான் போட்டி கம்பெனியின் மலிவு சிப்பைப் போட்டு அதே பணத்துக்கு எட்டு தருகிறேன் என்றேன்.

“நெஜமா ரெண்டும் ஒண்ணா தம்பி? இருக்கற வேலைய உட்டுட்டு வந்துக்கினு இருக்கேன்.”

“ஒண்ணுதான்க்கா. பயப்படாதீங்க.”

சிப்பைப் பற்றி நான் சொன்னதில் பெரிய பொய்யில்லை. நல்ல சிப். என்ன, கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். அதன் தலைமேல் பெரிய ஃபேனாக வைக்க வேண்டும். எட்டு மெஷினுக்குக் கட்டுப்படியாகவில்லை… இருப்பதிலேயே சின்ன ஃபேனை வைத்து மூடிவிட்டேன். யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

சித்திரை வெயிலில் திறப்பு விழா. மண்டல அதிகாரி வரவேண்டும். பிள்ளைகளைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்த பெற்றோர்களால் அறை நிரம்பிவிட்டது. அக்கா அழைத்ததால் முனிரத்தினமும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எட்டும் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று மூன்றாவது அணைந்தது. ஓடிப்போய் ஆன் செய்தேன். அதற்குள் ஆறாவது. பிறகு முதலாவது!

“அப்புடே போயிந்தா?” — அதற்குள் போச்சா — என்று கூட்டத்தில் ஒருவர் தெலுங்கில் கேட்டுச் சிரித்தார். இரண்டு பேர் எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

அக்கா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “இன்னா தம்பி இது? நீ ஆன் பண்ணிக்கினே கீற, அது ஆஃப் ஆயிக்கினே கீது!”

“வோல்டேஜ்க்கா… கரென்ட் சரியில்ல.”

இது இரண்டாவது பொய். இதற்குத் துளியும் ஆதாரமில்லை.

முனிரத்தினம் எழுந்து வந்தார். என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சத்தமாகச் சொன்னால் போதும்… என் கடையை நான் மூடிவிடலாம்.

அவர் என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “சிப்பு மஞ்சிதே, நல்ல சிப்புதான். தப்பெல்லாம் ஃபேன்ல. சூடு தாங்காம ஆஃப் ஆவுது. நுவ்வு செப்தாவா, நீயே சொல்றியா, இல்ல நான் சொல்லட்டா?”

அக்கா பக்கம் திரும்பினேன். “அக்கா… வோல்டேஜ் இல்ல. சின்ன ஃபேன் வெச்சிட்டேன். தெரிஞ்சேதான் வெச்சேன்.”

அக்காவின் முகம் சிவந்தது. வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம்.

“திட்டறதுக்கு அப்பறம் நேரம் கீது. இப்ப இன்னா செய்யணும், அதச் சொல்லு!”

மூடிகளைக் கழற்றிக் காற்று அடிக்க வேண்டும் என்றேன். அக்கா எதிரே இருந்த பந்தல் கடைக்கு ஓடினார். ஸ்டாண்டு ஃபேன்கள் வந்தன. முனிரத்தினமும் நானும் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தோம். எட்டாவது மூடியைக் கழற்றும்போது அதிகாரி உள்ளே நுழைந்துவிட்டார்.

எல்லாம் ஏன் திறந்து கிடக்கிறது என்று தெலுங்கில் கேட்டார்.

அக்கா தெலுங்கிலேயே நிதானமாகப் பதில் சொன்னார்: “எங்க சென்டர்ல உள்ள இருக்கறதக் காட்டித்தான் பாடம் ஆரம்பிப்போம் சார்.”

அதிகாரி கைதட்டினார். கூட்டமும் தட்டியது. செருப்பைத் தேடியவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

மதியம் இலை போட்டார்கள். நான் நைசாக நழுவப் பார்த்தேன். “துன்னுட்டு உக்காரு. திட்டணும்” என்றார் அக்கா. சொன்னபடியே செய்தார்.

மறுநாளே முனிரத்தினத்தின் கடையில் பெரிய ஃபேன்கள் வாங்கி எட்டிலும் மாட்டினேன். அதன்பிறகு அந்த மெஷின்கள் வருஷக்கணக்கில் ஓடின. அதில் தட்டிப் பழகிய பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனார்கள். அக்கா சென்டரைப் பெரிதாக்கினார். புது மெஷின்கள் எல்லாம் முனிரத்தினத்திடம். நான் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

எங்கோ கடல் தாண்டி இரண்டு கம்பெனிகள் முட்டி மோதியதால்தான் புத்தலப்பட்டுக்கு ஐந்துக்குப் பதில் எட்டு கம்ப்யூட்டர் வந்தது. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை.

போட்டி வந்தால் விலை குறையும். விலையோடு சேர்ந்து வேறென்ன குறைந்தது என்பதை மட்டும்… விற்கிறவன்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்!